பிளொப்பி மாஸ்ரர்

மாஸ்ரர் என்றாலும் எந்தப் பள்ளிக்கூடத்திலும் படிப்பித்தவர் இல்லை. கைவேலை தெரிந்தவருக்கு யாழ்ப்பாணம் தானாகவே கொடுக்கும் பட்டம் அது. மானிப்பாயிலோ சாவகச்சேரியிலோ ஏதாவதொரு சின்ன லாப்பில் பழைய இரத்தப் பரிசோதனை மெசின் காலையில் எழும்ப மறுத்து, டிஸ்க்கைப் போடு என்று திரையில் எழுதிவிட்டு நின்றால், கொஞ்ச நேரத்தில் வாசலில் ஒரு எம்டி 90 மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்கும்.

கையில் வெளிநாட்டு பிஸ்கட் ரின். உள்ளே பொலித்தீனில் சுற்றிய பிளொப்பிகள்.

"தங்கச்சி, போனை அங்காலை வையும். அதுக்குள்ளை காந்தம் இருக்கு."

முதலாவது டிஸ்க் உள்ளே போகும். கர், கர். மாஸ்ரர் காதை மெசினோடு ஒட்டி வைத்துக் கேட்பார். டொக்டர் கழுத்தில் ஸ்டெதஸ்கோப்போடு பக்கத்தில் சும்மா நிற்பார். "ஒண்டு வாசிக்குது. இரண்டும் பிழையில்லை. மூண்டிலைதான் இருமுது." வெளியே எடுத்து, சின்னத் தகட்டை விலக்கி, வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பார். பூஞ்சணம். ஒரு டிஸ்க்கில் கொள்வது 1.44 மெகாபைட், இன்றைய போனில் எடுத்த ஒரு படம்கூட அதில் அடங்காது. மெசினின் முழுப் புத்தியும் அப்படி நாலைந்து டிஸ்க்கில்தான் இருக்கிறது.

"புதுசு ஒண்டு வாங்கலாமே, மாஸ்ரர்?" என்று மட்டும் கேட்டுவிடக் கூடாது.

"அமெரிக்கன் அணுவாயுதத்துக்குக் கட்டளை அனுப்பிற சிஸ்டத்தையே 2019 வரைக்கும் எட்டு இஞ்சிப் பிளொப்பியிலைதான் வைச்சிருந்தவன். உமக்கு என்ன அவசரம்?"

இந்தப் பிடிவாதம் எங்கே பழகியது என்று ஊருக்குத் தெரியும். 1990இல் குடாநாட்டுக்கு மின்சாரம் நின்றது. பொருளாதாரத் தடையில் பற்றரியும் பெற்றோலும் தடைப்பட்டன. சைக்கிள் டைனமோவை மிதித்து ரேடியோவில் செய்தி கேட்டார்கள். ஒரு சொட்டுப் பெற்றோலைக் காட்டி ஸ்ராட் பண்ணிவிட்டு மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிள் ஓட்டினார்கள். அந்தக் காலத்தில் தொழில் பழகியவரிடம் கொழும்பு ஏஜென்ட் வந்து "இதுக்கு இனிப் பாட்ஸ் வராது" என்றால், அவர் காதில் அது விழுமா? சோனி 2011இல் பிளொப்பி விற்பதை நிறுத்தியபோதும் மாஸ்ரர் அசையவில்லை. ஸ்காபரோவில் இருக்கும் மருமகன் யார் யார் வீட்டு நிலவறையிலோ தேடிப் பிடித்து, ஊருக்கு வருகிறவர்களின் சூட்கேசில் சேலைகளுக்கு நடுவே வைத்து அனுப்புகிறான்.

ஒரு விஷயத்தில் மட்டும் மாஸ்ரர் பிழை. பிளொப்பி டிரைவ் இருந்த இடத்தில் பொருத்தி, பென் டிரைவைச் செருகி, மெசினை ஏமாற்றும் பெட்டி ஒன்று பெரிய விலையில்லாமல் வருகிறது. அவரோ அதைக் "கள்ளப் பிளொப்பி" என்கிறார். டிஸ்க்குகளைக் கொம்பியூட்டரில் பிரதி எடுத்து வைக்கவும் விடமாட்டார். பிரதி எடுத்தால் தன்னைக் கூப்பிட மாட்டார்களோ என்ற பயம், வேறொன்றுமில்லை. உப்புக்காற்றும் ஈரமும் உள்ள ஊரில் இந்த வீம்பு நல்லதல்ல. அந்த ரின் பழுதானால் நட்டம் அவருக்கில்லை, நோயாளிக்கு.

மற்றபடி வேலையில் சுத்தம். மெசின் எழும்பியதும் விட்டுப் போகமாட்டார். "முதல்லை கொன்ட்ரோலை ஓடவிடும். கணக்குச் சரிவந்தால்தான் ஆக்களின்ரை ரத்தம்." அளவு தெரிந்த அந்தத் திரவத்தில் சரியான எண் விழும்வரை கதிரையை விட்டு அசையமாட்டார்.

"அப்ப உங்கடை சீனியையும் ஒருக்கால் பாப்பமே, மாஸ்ரர்?" என்று தங்கச்சி ஊசியோடு வருவாள்.

"இந்த மெசினிலையோ? இதின்ரை லட்சணம் எனக்குத் தெரியாதே!" என்று சேட்டுக் கையை இறக்கிக்கொண்டு, எம்டி 90ஐ உதைத்து, புது மெசின் உள்ள லாப்புக்குப் போய்விடுவார்.

உங்கள் அலுமாரியில் பழைய பிளொப்பி கிடந்தால் எறிந்துவிடாதீர்கள், மாஸ்ரரிடம் கொடுங்கள். உள்ளே இருப்பதை அழித்துவிட்டுத்தான் பாவிப்பார். ஆனால் முழுவதையும் வாசித்துப் பார்த்த பிறகுதான் அழிப்பார் என்பதையும் நினைவில் வைத்துக்கொண்டு கொடுங்கள்.