முகப்புப் பக்கத்தில் யார் படம்?

மாநகராட்சிக்குப் புதிய இணையதளம் வரப்போகிறது. எந்த ஊர் என்று கேட்காதீர்கள். தமிழ்நாட்டில் இப்போது 25 மாநகராட்சிகள் இருக்கின்றன. உங்கள் ஊர் என்றே வைத்துக்கொள்ளலாம், பெரிய பிழை வராது. பழைய தளத்துக்கு என்ன கேடு என்றும் கேட்காதீர்கள். அதைக் கட்டிய கம்பெனியின் ஒப்பந்தம் முடிந்துவிட்டது, பிறகு கம்பெனியே முடிந்துவிட்டது, பாஸ்வேர்டு அதோடு உடன்கட்டை ஏறிவிட்டது. ஆகவே புதுத் தளத்தை எந்த மென்பொருளில் கட்டுவது என்று தீர்மானிக்க ஒரு குழு போட்டிருக்கிறார்கள். கோப்பில் எழுதும்போது அதற்குப் பெயர் உள்ளடக்க மேலாண்மை மென்பொருள். வாயில் வரும்போது சி.எம்.எஸ்.

பாலம் கட்டும் செயற்பொறியாளர் குழுத் தலைவர். நகர்நல அலுவலர், கணக்கு அலுவலர், மக்கள் தொடர்பு அலுவலர் எல்லோரும் உண்டு. பையன் கோவையில் கம்ப்யூட்டர் சயின்ஸ் படிக்கிறான் என்ற தொழில்நுட்பத் தகுதியில் ஓர் உதவி ஆணையரும் உண்டு. அந்தத் தளத்தில் தினமும் கை வைக்கிற ஒரே ஆளான, அவுட்சோர்சிங்கில் இருக்கும் டேட்டா என்ட்ரி பெண் மட்டும் குழுவில் இல்லை. புரொஜெக்டர் மக்கர் செய்தால் அவரைக் கூப்பிடுவார்கள்.

உதவி ஆணையர் ட்ரூபல் கட்சி. “அமெரிக்க வெள்ளை மாளிகையே ட்ரூபல்லதான் ஓடுது சார்” என்கிறார். ஓடியது உண்மைதான். 2009இல் அதற்குப் போனார்கள், 2017இல் வேர்ட்பிரஸுக்கு மாறிவிட்டார்கள். அந்தச் சேதி எங்கள் ஊருக்கு இன்னும் வந்துசேரவில்லை. மக்கள் தொடர்பு அலுவலர் வேர்ட்பிரஸ் கட்சி. மச்சானின் ஜவுளிக்கடை சைட் அதில்தான் இருக்கிறது. கணக்கு அலுவலர் நடுநிலை. “ரெண்டும் என்ன விலை?” என்று மட்டும் கேட்டார். இலவசம் என்றார்கள். அறை அமைதியானது. மிக்ஸி இலவசம், கிரைண்டர் இலவசம், கலர் டிவி இலவசம் என்று வளர்ந்த மாநிலத்தில் சந்தேகத்துக்கு ஆளான ஒரே இலவசம் மென்பொருள்தான். விலையே இல்லாத பொருளில் எந்தச் சதவீதத்தை யாருக்கு எடுத்து வைப்பது?

உண்மையைச் சொன்னால் இந்தச் சண்டைக்கே பொருள் கிடையாது. ட்ரூபல் 2001இல் வந்தது, வேர்ட்பிரஸ் 2003இல், ஜூம்லா 2005இல். மூன்றும் கட்டற்ற மென்பொருள்கள், மூன்றும் ஒரு மாநகராட்சிக்குத் தாராளம். மத்திய அரசு 2015இலேயே திறமூல மென்பொருளுக்கு முன்னுரிமை என்று கொள்கை வெளியிட்டுவிட்டது. மாவட்ட நிர்வாகத் தளங்களுக்கென்று தேசியத் தகவலியல் மையம் ஓர் ஆயத்தக் கட்டமைப்பே வைத்திருக்கிறது. அடுத்த தெருவில் இருக்கும் கலெக்டர் அலுவலகத்துக்கு நடந்துபோய்க் கேட்டால் காட்டுவார்கள். ஒரே மாலையில் முடிய வேண்டிய வேலை இது. அப்படி முடித்துவிட்டால் அடுத்த கேள்வி வந்துவிடுமே என்றுதான் மாதக்கணக்கில் இழுக்கிறார்கள்.

அதற்குள் வெண்டர் வந்தார். அவரிடம் சொந்த சி.எம்.எஸ். இருக்கிறதாம். உலகத்தில் வேறு யாரும் பயன்படுத்தாததால் அது மிகவும் பாதுகாப்பானதாம். செயற்கை நுண்ணறிவு, சாட்பாட், பிளாக்செயின், குடிமகனின் மனநிலையை அளக்கும் டேஷ்போர்டு எல்லாம் உண்டாம். குடிமகனின் மனநிலையை அளக்க டேஷ்போர்டு எதற்கு? மழை பெய்த மறுநாள் தெருவில் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நடந்தால் போதும், அவனே சொல்லுவான், காது கூசும்படி. சொந்த சி.எம்.எஸ். என்றால் என்ன என்று குழுவில் ஒருவர்கூடக் கேட்கவில்லை, நானே சொல்லிவிடுகிறேன். ஊரின் தகவல் முழுக்க ஒரு தனியார் பூட்டுக்குள் போகும். சாவி ஒப்பந்தக்காரரிடம் இருக்கும். ஒப்பந்தம் முடிந்தால் தகவலை வெளியே எடுக்க இன்னொரு ஒப்பந்தம் போட வேண்டும்.

வெண்டர் வந்துபோன வாரமே டெண்டர் ஆவணம் தயாராகிவிட்டது. 1998ஆம் ஆண்டு டெண்டர் வெளிப்படைத்தன்மைச் சட்டம் நம்மிடம் இருக்கிறது. தகுதி நிபந்தனைகளை முன்கூட்டியே பகிரங்கமாகச் சொல்ல வேண்டும். சொன்னார்கள். இத்தனை கோடி ஆண்டு வருவாய், சொந்த சி.எம்.எஸ்., மனநிலை டேஷ்போர்டில் முன்னனுபவம். அளவெடுத்துத் தைத்த சட்டையைக் கடை வாசலில் தொங்கவிட்டு, யார் வேண்டுமானாலும் போட்டுப் பார்க்கலாம் என்கிற வெளிப்படைத்தன்மை.

குழுவின் மூன்று கூட்டங்கள் முகப்புப் பக்கத்துக்கே போயின. முதலமைச்சர் படம் எவ்வளவு பெரிது, துறை அமைச்சர் படம் அதில் எத்தனை பங்கு, மேயர் இடப்பக்கமா வலப்பக்கமா, துணை மேயருக்கு இடம் உண்டா, ஆணையர் புன்னகைக்கலாமா? இந்த விஷயத்தில் நம் அதிகாரிகளை யாரும் குறை சொல்ல முடியாது. ஆணையர் இடமாற்றல் ஆணை மாலை வருகிறது என்றால், இரவுக்குள் பழைய முகம் போய்ப் புதிய முகம் ஏறிவிடும். அந்த ஒரு படத்துக்குக் கீழே, கோடைக்காலக் குடிநீர் விநியோக அட்டவணை போன கோடைக்கு முந்தைய கோடையிலேயே நிற்கும். வார்டு உறுப்பினர் பட்டியலில் இறந்துபோனவர் இருப்பார். அவருடைய தொலைபேசி எண்ணை அழைத்தால், ஆச்சரியம், உயிரோடு இருக்கும் கவுன்சிலரைவிட விரைவில் யாரோ எடுப்பார்கள்.

இங்கேதான் எனக்கு ரத்தம் கொதிக்கிறது. சி.எம்.எஸ். என்ற சமாச்சாரமே எதற்காக உருவானது? விஷயம் தெரிந்தவர் புரோகிராமரின் தயவு இல்லாமல் தானே எழுதித் தானே ஏற்றுவதற்காக. குழாய் உடைந்ததைப் பார்த்த உதவிப் பொறியாளர் அங்கே நின்றபடியே போனில் இரண்டு வரி தட்டினால் தளத்தில் தெரிய வேண்டும். நம் ஊரில் அந்த இரண்டு வரி என்ன பாடு படுகிறது தெரியுமா? உதவிப் பொறியாளர் குறிப்பு எழுதுவார். எழுத்தர் தட்டச்சு செய்வார். கண்காணிப்பாளர் ஒரு கமா சேர்ப்பார். செயற்பொறியாளர் சுருக்கொப்பம் போடுவார். ஆணையர் முகாமில் இருப்பார். திரும்பி வந்து கையெழுத்துப் போட்டதும் முத்திரை குத்தி, ஜெராக்ஸ் எடுத்து, அந்த ஜெராக்ஸைக் கோணலாக ஸ்கேன் செய்து, ‘ஸ்கேன் 0047’ என்று பெயரிட்ட பி.டி.எஃப். ஆக அது தளத்தில் ஏறும்போது குழாய் சரியாகி, மறுபடி உடைந்து, கேபிள்காரன் பள்ளமும் தோண்டியிருப்பான்.

அந்த ஸ்கேன் இருக்கிறதே, அது கோணலாக இருப்பது மட்டும் குற்றம் அல்ல. கணினியில் எழுத்தாகப் பிறந்ததைக் காகிதமாக்கிப் படமாக்கிவிடுகிறார்கள். படத்துக்குள் எதையும் தேட முடியாது, எதையும் நகலெடுக்க முடியாது. பார்வையற்ற ஒருவரின் திரைவாசிப்பான் அந்தப் பக்கத்துக்கு வந்தால் வாசிக்க அங்கே ஒன்றுமே இருக்காது. அரசு இணையதளங்களுக்கான மத்திய அரசின் வழிகாட்டு நெறிமுறை 2009இலிருந்து இருக்கிறது, மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016இலிருந்து இருக்கிறது. இருந்துகொண்டே இருக்கின்றன, பாவம். தமிழின் கதையைக் கேட்டால் இன்னும் வெட்கம். வானவில் எழுத்துருவில் அடித்த கோப்பை வேறு கணினியில் திறந்தால் தமிழ் இருந்த இடத்தில் கிறுக்கல்தான் இருந்தது. யூனிகோடுதான் இனி அரசின் தரம் என்று 2010 ஜூனில், கோவையில் செம்மொழி மாநாட்டை ஊரே அமர்க்களப்பட நடத்திய அதே மாதத்தில், அரசாணை போட்டார்கள். அதற்குப் பிறகும் எத்தனை அலுவலகங்களில் வானவில் மறையாமலே நின்றது என்று டேட்டா என்ட்ரி வேலை பார்த்தவர்களைக் கேளுங்கள். தமிழுக்கு உயிரைக் கொடுப்போம், யூனிகோடை மட்டும் கேட்காதீர்கள்.

தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005இல் வந்தது. அதன் 4ஆம் பிரிவு, யாரும் மனுப்போடாமல் அரசு அமைப்புகள் தாமாகவே வெளியிட வேண்டியவை எவை என்று வரிசையாகச் சொல்கிறது: அதிகாரங்கள், கடமைகள், வரவுசெலவுத் திட்டம், மானியம் பெற்றவர்கள், யாரை எங்கே அணுகுவது. சட்டம் இயற்றிய 120 நாளுக்குள் வெளியிட வேண்டும், உள்ளூர் மொழியைக் கருத்தில் கொள்ள வேண்டும், இணையத்தையும் பயன்படுத்த வேண்டும். மாநகராட்சித் தளம் என்பது சட்டம் சுமத்திய கடன். இவர்கள் அதைப் பொங்கல் பரிசு போல, மனசு வந்தால் கொடுக்கிற பொருளாக நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். எங்கள் ஊரில் ஒருவர் மனுப்போட்டு விவரம் கேட்டார். “தாங்கள் கோரிய தகவல் இணையதளத்தில் உள்ளது” என்று பதில் வந்தது. இணையதளத்துக்குப் போனால் “விவரங்களுக்கு அலுவலகத்தை அணுகவும்” என்றிருந்தது.

சொத்து வரியில் பெயர் மாற்றத்துக்கு என்னென்ன காகிதம் வேண்டும் என்று தெரிந்துகொள்ளவே ஒரு கட்டட வேலைக்காரப் பெண் ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு வருகிறார். ஒரு காகிதம் குறைகிறது என்று மறுநாள் வரச் சொல்கிறார்கள். மறுநாள் இன்னொன்று குறைகிறது. மூன்றாம் நாள் வாசலில் நிற்கும் புரோக்கர் எல்லாக் காகிதத்தின் பெயரையும் ஒப்பிக்கிறார், விலையோடு. அந்தப் பட்டியலை ஒரு பக்கத்தில் தமிழில் எழுதிப் போட எந்த சி.எம்.எஸ்.ஸும் வேண்டாம், நோட்பேடு போதும். போட்டால் வாசலில் நிற்பவரின் பிழைப்பு போய்விடும், அவர் மேலே கொடுக்கும் பங்கும் போய்விடும். அந்தப் பக்கம் ஏன் காலியாக இருக்கிறது என்பதற்குத் தொழில்நுட்பக் காரணம் தேடுகிற குழுவை என்னவென்று சொல்வது?

வெள்ளைக்காரனும் யோக்கியன் இல்லை. இங்கிலாந்தின் பர்மிங்காம் நகராட்சி, சுமார் 5.8 லட்சம் பவுண்டில் முடியும் என்று தொடங்கிய புதுத் தளத்தை, பல ஆண்டு தாமதத்துக்குப் பிறகு சுமார் 28 லட்சம் பவுண்டு செலவில் 2009 செப்டம்பரில் திறந்தது. கேப்பிட்டா என்ற பெருநிறுவனத்தோடு நகராட்சி சேர்ந்து அமைத்த கூட்டு நிறுவனம் கட்டிய தளம் அது. ஆனால் அங்கே தகவல் உரிமைச் சட்டத்தின் கீழ் கேள்வி கேட்டார்கள், கணக்கு வெளியே வந்தது. எரிச்சலான உள்ளூர் ஆட்கள் ஒன்றுகூடி, நகராட்சி போட்டிருந்த தகவலையே எடுத்துத் தாங்களாகவே ஒரு மாற்றுத் தளமே கட்டிக் காட்டினார்கள். இங்கே அப்படிக் கட்டினால் போலித் தளம் என்று சைபர் கிரைமில் புகார் போகும்.

நம்மாலும் முடியாதது இல்லை. 2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னை மூழ்கியபோது, எந்தத் தெருவில் ஆள் சிக்கியிருக்கிறார்கள், எங்கே சோறு இருக்கிறது, யார் வீட்டுத் திண்ணையில் தங்கலாம் என்ற தகவல்களைத் திரட்டியவர்கள் முகம் தெரியாத தன்னார்வலர்கள். அவர்கள் டெண்டர் விடவில்லை. இணையத்தில் எல்லோரும் நிரப்பக்கூடிய ஓர் அட்டவணையைத் திறந்து, ராத்திரி பகலாக உட்கார்ந்து, ஒவ்வொரு வரியையும் போன்போட்டுச் சரிபார்த்தார்கள். இலவச அட்டவணை உயிர்களைக் காத்தது. அதில் யாருடைய படமும் இல்லை.

பராமரிப்பு என்ற சொல் டெண்டரில் வருகிறது, பணம் பட்டுவாடா ஆகும் பகுதியில். 2014 அக்டோபரில் ட்ரூபலில் ஒரு பெரிய ஓட்டை தெரியவந்தது. அறிவித்து 7 மணி நேரத்துக்குள் அடைக்காத தளம் எதுவானாலும் களவுபோய்விட்டதாகவே வைத்துக்கொள்ளுங்கள் என்று அதன் பாதுகாப்புக் குழுவே எச்சரித்தது. 7 மணி நேரத்தில் நம் கோப்பு எழுத்தரின் மேசையிலிருந்து கண்காணிப்பாளரின் மேசைக்குப் போயிருக்காது. விளைவையும் பார்த்துவிட்டோம். அண்மை ஆண்டுகளில் இந்திய அரசுத் தளங்கள் பலவற்றின் உள்பக்கங்களில் ஆன்லைன் சூதாட்ட விளம்பரங்கள் முளைத்துச் செய்தியாயின. ஆன்லைன் சூதாட்டத்தைத் தடைசெய்து சட்டம் போட்ட மாநிலம் இது. அந்த வரிசையில் நம் முறை வராது என்று யார் சத்தியம் செய்வார்கள்?

கடைசிக் கூட்டத்தில் வெண்டரின் சி.எம்.எஸ். ஒருமனதாகத் தேர்வானது. போட்டிக்கு வந்த மற்ற இருவருக்கும் மனநிலை டேஷ்போர்டில் முன்னனுபவம் இல்லை. மாமன்றத்தில் தீர்மானம் மேசை தட்டலோடு நிறைவேறியது. எதிர்க்கட்சிக் கவுன்சிலர் ஒருவர் எழுந்தார், தன் வார்டுத் தெருவிளக்கைப் பற்றிப் பேசிவிட்டு உட்கார்ந்தார். அறையைக் காலி செய்யும்போது, புரொஜெக்டர் ஒயரைச் சுருட்டிக்கொண்டிருந்த டேட்டா என்ட்ரி பெண் செயற்பொறியாளரிடம் கேட்டார்: “சார், புது சைட்ல எல்லாத் துறை விவரத்தையும் யாரு சார் எழுதித் தருவாங்க? எனக்கே மூணு மாசமா சம்பளம் வரல.”

“அதெல்லாம் இதுல வராதும்மா” என்றார் அவர், கோப்பைக் கட்டியபடி. “அதுக்குத் தனி டெண்டர்.”