தையில் வேண்டாம், ஆனியில் பாருங்கள்

ஸ்டாக்ஹோம்,
கார்த்திகை மாதக் கடைசி.

அன்புள்ள சித்திக்கு,

நாங்கள் எல்லாரும் நலம். சின்னவனுக்கு மூக்கு ஒழுகுகிறது; இந்த ஊரில் அதுவும் நலத்தில் சேர்த்திதான். இதையெல்லாம் போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் நீங்கள் ஸ்பீக்கரில் போட்டுவிட்டுப் பேசுகிறீர்கள். பின்னாலிருந்து மாமா, எதிர்வீட்டு ஆச்சி, மாவு வாங்க வந்தவர்கள் என்று ஆளாளுக்கு எனக்குத் தீர்ப்புச் சொல்கிறார்கள். அதனால்தான் கடிதம். தயவுசெய்து சத்தமாக வாசிக்காதீர்கள்.

"ஏட்டி, ஒன்றரை வருஷம் லீவு குடுக்கிற ஊராமே, தம்பி கல்யாணத்துக்குத் தையில ஒரு பத்து நாள் வர முடியாதா?" என்று கேட்டீர்கள். நியாயமான கேள்வி. பதில்தான் கொஞ்சம் நீளம்.

லீவு உண்மைதான். ஒரு பிள்ளைக்கு 480 நாள். ஆனால் அது பிள்ளையை வளர்க்கக் கொடுக்கிற லீவு. தாய்க்குப் பாதி, தகப்பனுக்குப் பாதி. ஒருவர் பங்கை மற்றவருக்கு எழுதிக் கொடுக்கலாம், ஆனால் ஆளுக்கு 90 நாளை மட்டும் யாருக்கும் கொடுக்க முடியாது. 1974-லேயே தகப்பன்மாருக்கும் சேர்த்து இந்த லீவைக் கொடுத்த முதல் நாடு இது. கொடுத்து என்ன செய்ய? ஆம்பளைகள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. 1995-ல், "ஒரு மாதம் உனக்கு மட்டும்தான், நீ எடுக்காவிட்டால் போச்சு" என்று சட்டம் போட்டார்கள். போய்விடும் என்று தெரிந்ததும், மாதக் கடைசியில் ரேஷன் கடைக்குச் சீனி வாங்க ஓடுகிற மாதிரி ஓடி வந்து எடுத்தார்கள்.

உங்கள் மாப்பிள்ளையும் அப்படித்தான் எடுத்தார். அப்போது நீங்கள் அம்மாவைத் தனியாகக் கூப்பிட்டு, "மாப்பிள்ளைக்கு வேலை போயிட்டா? மறைக்காமச் சொல்லு" என்று கேட்டது எனக்குத் தெரியும் சித்தி. வேலை போகவில்லை. என்னை ஆபீசுக்கு அனுப்பிவிட்டு, மகனைத் தள்ளுவண்டியில் வைத்துக்கொண்டு பூங்காவில் சுற்றினார். பூங்கா முழுக்க அவரைப் போலவே தாடி வைத்த தகப்பன்மார், ஒரு கையில் வண்டி, மறு கையில் காபி. பிள்ளைக்கு எப்போது பல் முளைத்தது, யார் வீட்டில் என்ன கஞ்சி என்று அவர்கள் பேசிய பேச்சை நம் தெருக் குழாயடிகூடக் கேட்டிருக்காது. ஊரில் யாராவது விசாரித்தால், "அவர் வீட்டிலிருந்து ஆராய்ச்சி பண்ணுதாரு" என்று அம்மா சொல்லி வைத்திருந்தாள். பொய்யில்லை. கேரட்டை எப்படிக் கொடுத்தால் இவன் துப்பமாட்டான் என்று எட்டு மணி நேரம் ஆராய்ச்சிதான்.

இப்போது பாட்டி தாத்தாவுக்கும் அந்த நாட்களில் கொஞ்சம் மாற்றிக் கொடுக்கலாம் என்று 2024 ஜூலையில் சட்டம் வந்துவிட்டது. நாங்கள் துள்ளிக் குதித்தோம். அப்புறம்தான் தெரிந்தது, அந்தப் பாட்டி சுவீடன் காப்பீட்டில் இருக்கிற பாட்டியாக இருக்க வேண்டும். கோவில்பட்டிப் பாட்டிக்கு 90 நாள் விசாதான் உண்டு, அதற்குப் பைசா கிடையாது.

அந்த 90 நாளில் அம்மா பட்ட பாட்டை அவள் உங்களிடம் முழுதாகச் சொல்லியிருக்க மாட்டாள். மார்ச் மாதம், வெளியே தண்ணீர் உறைகிற குளிர். ஒரு காபிக் கடை வாசலில் நாலு தள்ளுவண்டி, நாலிலும் பிள்ளைகள் தூங்குகின்றன. தாய்மார் உள்ளே, கண்ணாடிக்குப் பக்கத்தில், ஏலக்காய் போட்ட பன்னைப் பிய்த்துத் தின்றபடி. குளிர்காற்றில் தூங்கினால் பிள்ளைக்கு நல்லது என்பது இவர்கள் நம்பிக்கை. அம்மாவுக்கு அதெல்லாம் தெரியுமா? "பெத்தவளுக எங்க போனாளுக?" என்று ஒரு வண்டியை உள்ளே தள்ளவே போய்விட்டாள். உள்ளிருந்து ஒருத்தி பாதிப் பன்னோடு ஓடி வந்தாள். நான் ஒரு பக்கம் மன்னிப்புக் கேட்க, அம்மா இன்னொரு பக்கம் தமிழிலேயே அவளுக்குப் புத்தி சொல்ல, பிள்ளை மட்டும் எழுந்திருக்கவே இல்லை.

சரி, லீவு விஷயத்துக்கு வருகிறேன். பிள்ளைகள் வளர்ந்த பிறகு பெரும்பாலும் மிஞ்சுவது வேறு லீவு. பிள்ளைக்குச் சுகமில்லை என்றால் வீட்டிலிருக்கலாம், ஒரு பிள்ளைக்கு வருஷத்துக்கு 120 நாள் வரைக்கும். சம்பளத்தில் எண்பது சதவீதத்துக்குச் சற்றுக் குறைவாக அரசாங்கமே தரும். ஆபீசில் யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள். பிப்ரவரியில் எங்கள் மேலாளரே பாதி நாள் வர மாட்டார், அவர் பிள்ளைக்கும் வாந்திதான். ஆனால் "மகனுக்குக் காய்ச்சல்" என்று எழுதிக் கொடுத்துவிட்டுக் கோவில்பட்டி மண்டபத்தில் நின்று பந்தி விசாரிக்க முடியுமா? போட்டோவை நீங்களே வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போட்டுவிடுவீர்கள்.

காலையில் ஒரு போன் பண்ண நேரமில்லையா என்றும் கேட்டீர்கள். பாலர் பள்ளியின் வாசல் அறையை நீங்கள் ஒருநாள் வந்து பார்க்க வேண்டும். வானம் எப்படி இருந்தாலும் பிள்ளைகளை வெளியே விளையாட விட்டுவிடுவார்கள். அதனால் கம்பளி உள்சட்டை, கம்பளிக் கால்சட்டை, கழுத்தை மூடும் துணி, குல்லா, தலை முதல் கணுக்கால் வரை ஒரே உருப்படியாகத் தைத்த குளிர் உடுப்பு. அதன் ரப்பர் பட்டையை இழுத்துப் பூட்சுக்கு அடியில் மாட்ட வேண்டும். கடைசியில் கையுறை. கட்டைவிரலுக்கான ஓட்டைக்குள் கட்டைவிரல் தவிர மற்ற நாலு விரலும் போகும். நான் தரையில் மண்டி போட்டு, வேர்த்து விறுவிறுத்து, அந்தக் கட்டைவிரலைத் தேடுகிற நேரம்தான் உங்கள் போன் வருகிறது. எடுக்கவில்லை என்றால் கோபித்துக்கொள்ளாதீர்கள். சாயங்காலம் அதே கையுறை சேறும் பனியுமாக, ஈரத்துணி காயப்போடுகிற அலமாரிக்குள் இருக்கும், ஒன்று மட்டும். இப்போது மூன்று மணிக்கு முன்பே சூரியன் இறங்கிவிடுகிறது. ஆபீஸ் விட்டு அவனைக் கூட்டப் போனால் நடுராத்திரி மாதிரி இருட்டு. "அம்மா, ராத்திரி ஆயிட்டு, ஏன் இப்பதான் வார?" என்கிறான்.

பெரியவளுக்கு வேறு சிக்கல். ஆறு வயதானால் பள்ளிக்கூடம் கட்டாயம், 2018-லிருந்து சட்டம். முன்பெல்லாம் டிக்கெட் எப்போது குறைகிறதோ அப்போது வந்தோம். இப்போது பள்ளி நாளில் லீவு வேண்டுமென்றால் தலைமை ஆசிரியரிடம் மனுப் போட வேண்டும். சில நாள் தரலாம், தராமலும் போகலாம். ஆறாம் வகுப்பு வரைக்கும் மார்க்கே போடாத பள்ளிக்கு எதற்கு இவ்வளவு கெடுபிடி என்று எனக்கும் புரியவில்லை. ஒன்று ஒப்புக்கொள்ள வேண்டும்: தாய்மொழி படிப்பிக்க அரசாங்கமே ஆள் அனுப்புகிறது. பெரியவளுக்கு வாய்த்த தமிழ் டீச்சர் யாழ்ப்பாணத்துக்காரர். போன வாரம் போனில் "ஓம் பாட்டி, விளங்குது பாட்டி" என்று இவள் பேச, அம்மா என்னிடம், "பிள்ளைக்கு உன்னைவிட மரியாதை தெரியுது" என்றாள்.

இனி பள்ளி விடுமுறைக் கணக்கைப் பாருங்கள். குளிர்கால விடுமுறை டிசம்பர் கடைசியில் தொடங்கி ஜனவரி முதல் வாரத்தோடு சரி. அது மார்கழி. தை பிறக்கும்போது பிள்ளைகள் வகுப்பில் இருப்பார்கள். அடுத்த பெரிய விடுமுறை ஜூன் பாதியிலிருந்து ஆகஸ்ட் பாதி வரை. ஆபீஸ் லீவும் அதோடு ஒட்டி வரும். 1978 முதல் எல்லாருக்கும் வருஷத்தில் ஐந்து வாரம், அதில் நாலு வாரத்தை ஜூன், ஜூலை, ஆகஸ்ட்டுக்குள் சேர்ந்தாற்போல் கேட்டு வாங்க உரிமை உண்டு. ஜூலையில் யாருக்கு மெயில் அனுப்பினாலும் "ஆகஸ்ட்டில் வருவேன்" என்று பதில் தானாக வந்து விழும். குழாய் ரிப்பேருக்குக்கூட ஆள் கிடைக்காது. நாடே ஏரிக்கரை வீட்டில் காலை நீட்டி உட்கார்ந்துவிடும். பிழைக்கத் தெரிந்த சனம். ஆனால் ஜூலைப் பாதியில் நமக்கு ஆடி பிறந்துவிடும். சுவீடன்காரர்கள் நம் பஞ்சாங்கத்தைப் பார்த்துத்தான் லீவு விடுகிறார்களோ என்னவோ, மார்கழியில் ஒன்று, ஆடியில் ஒன்று. இந்தக் கணக்கில் போனால் நம் குடும்பத்தில் ஒரு கல்யாணத்தையும் நான் பார்க்க மாட்டேன்.

ஆனால் ஆனி இருக்கிறது சித்தி! ஜூன் பாதியிலிருந்து ஜூலைப் பாதி வரை. ஜூன் மூன்றாம் வாரத்தை ஒட்டி இவர்களுக்குக் கோடைத் திருவிழா. இலையும் பூவும் சுற்றிய கம்பத்தை நட்டு, எங்கள் டைரக்டர் உட்பட, பெரிய மனிதர்களெல்லாம் அதைச் சுற்றித் தவளை மாதிரி குதிப்பார்கள். பெரியவள் அதைப் பார்க்காமல் விமானம் ஏறமாட்டாள். அது முடிந்த மறுநாள் கிளம்பினால் ஆனியில் இரண்டு மூன்று முகூர்த்தமாவது மிஞ்சும். தலைப்பிள்ளைக்கு ஆனி ஆகாது என்று சொல்லப்போகிறீர்கள். தம்பி உங்களுக்கு இரண்டாவது. பெண்ணும் அந்த வீட்டில் இரண்டாவதுதான், அம்மாவை விட்டு விசாரித்துவிட்டேன். கல்யாணம் முடிந்த கையோடு குற்றாலத்தில் சீசன். சின்னவன் அருவியே பார்த்ததில்லை. அங்கே அவனுக்கு ஒரு ஜட்டி போதும் என்று நினைக்கும்போதே எனக்கு இனிக்கிறது.

பத்திரிகை இன்னும் அச்சுக்குப் போகவில்லை என்று அம்மா சொன்னாள். அதற்குள் மாமாவிடம் பேசுங்கள். லீவுச் சட்டத்தை எல்லாம் எடுக்காதீர்கள், அவருக்குத் தூக்கம் வந்துவிடும். தை முகூர்த்தத்துக்கு மண்டபத்தில் அடிதடி, ஆனி என்றால் வாடகையைக் கொஞ்சம் பேசிக் குறைக்கலாம் என்று மட்டும் சொல்லுங்கள். மற்றதை அவரே பெண் வீட்டில் பேசி முடித்துவிடுவார்.

அம்மா வழியாகக் கொடுத்துவிட்ட கடலை மிட்டாய் வந்து சேர்ந்தது. பள்ளியில் கடலை வாசமே ஆகாது என்பதால் பிள்ளைகளுக்குக் கொடுத்துவிட முடியவில்லை. அத்தனையையும் நானும் அவரும்தான் தின்றோம். அடுத்த தடவையும் அதே அளவு அனுப்புங்கள்.

இப்படிக்கு,
உங்கள் அக்கா மகள்