மலை ரயில் தரும் பாடம்

கேள்வி: வெள்ளத்தில் மாதிரி ரயில் தொகுப்பு முழுவதையும் இழந்த ஒருவர், அப்பொழுதுபோக்கை மீண்டும் எங்கிருந்து தொடங்குவது? (வாசகர், கோயம்புத்தூர்)

பதில்: மேட்டுப்பாளையம் நிலையத்திலிருந்தே தொடங்கலாம். 1899இல் குன்னூரையும் 1908இல் உதகையையும் எட்டிய நீலகிரி மலை ரயில், 2009 நவம்பர் நிலச்சரிவுகளில் பாதை பல இடங்களில் சிதைந்தபின், சீரமைக்கப்பட்டு மறு ஆண்டே மலையேறத் தொடங்கியதால், விழுந்து எழும் கலைக்கு அதைவிடத் தேர்ந்த ஆசான் கொங்கு வட்டாரத்தில் கிடைப்பது அரிது. ஆயினும், அசலை 87இல் ஒரு பங்காகச் சுருக்கும் ‘எச்ஓ’ என்னும் அளவில் அமைத்தாலும், அதன் 46 கிலோமீட்டர் பாதை ஏறத்தாழ 530 மீட்டர் நீளுமாதலால், வண்டி பக்கத்து வீட்டுச் சமையலறை வழியாகவே உதகை சேர நேரிடும். எனவே கல்லாறு நிலையத்தையும், செங்குத்தான ஏற்றத்தில் வண்டி பின்வழுக்காதபடி எஞ்சினின் பற்சக்கரம் கவ்வி ஏறுவதற்கென்று தண்டவாளங்களுக்கு நடுவே பதிக்கப்படும் பற்சட்டப் பாதையில் சில அடிகளையும் மட்டும் முதலில் செய்வது நலம். இம்முறை அதனைத் தரைத்தளத்தில் வைக்காமல் மாடியில் வைப்பது இன்னும் நலம். மலை ரயிலுக்கு உயரம்தானே பெருமை!