துளை போடவா, ஊர் போகவா?

கோயம்புத்தூரில் ஒரு பொருளை அது எதற்காகச் செய்யப்பட்டதோ அதற்கு மட்டும் பயன்படுத்துகிறவரைக் கொஞ்சம் சோம்பேறி என்றுதான் நினைப்பார்கள். என் மச்சான் சோம்பேறி அல்ல. இன்டீரியர் வேலை எடுத்துச் செய்கிறவர். கார்ட்லெஸ் ட்ரில்லின் பேட்டரிகள் ஞாயிற்றுக்கிழமைகளில் சும்மா கிடப்பது அவர் கண்ணை உறுத்திக்கொண்டே இருந்தது.

"பேட்டரிக்கு எதுக்கு மாப்ள வார லீவு?" என்றார். சைக்கிளில் மோட்டார் ஏறியது.

கணக்கு என்னவோ சுத்தமான கணக்கு. ட்ரில் பேட்டரிக்குள் இருப்பது லித்தியம் அயன் செல்கள். மின்சார சைக்கிளுக்கு உள்ளேயும் அவற்றின் பங்காளிகள்தான். செல்லுக்கு 3.6 வோல்ட், ஐந்தை வரிசையாகக் கோத்தால் 18. சில கம்பெனிகள் அதே ஐந்து செல்லுக்கு 20 என்று அச்சடிக்கும். சார்ஜரிலிருந்து கழற்றிய கையோடு அளந்தால் அப்படித்தான் காட்டும் என்பதால் பொய் என்றும் சொல்ல முடியாது. இரண்டு பேட்டரியைத் தொடராக இணைத்தால் 36; சைக்கிள் மோட்டார் கேட்பதும் அதைத்தான். மோட்டார் 250 வாட்டுக்குள், வேகம் 25 கிலோமீட்டருக்குள் என்றால் நம்பர் பிளேட்டும் வேண்டாம், லைசென்ஸும் வேண்டாம். அக்காவின் அனுமதி மட்டும் வேண்டும். அந்த ஆபீஸில்தான் பைல் நகரவே இல்லை.

வில்லங்கம் ஜோடி சேர்ப்பதில் இருக்கிறது. ட்ரில்லில் பேட்டரி தனியாள். சார்ஜ் அடிமட்டத்துக்குப் போனால், பல கம்பெனிகளில், மெஷினே பார்த்து நிறுத்திவிடும். சைக்கிள் கன்ட்ரோலருக்கோ கூட்டுத்தொகை மட்டும்தான் தெரியும். புதுசையும் பழசையும் சேர்த்து மாட்டினால், இளங்காளையையும் கிழட்டு மாட்டையும் ஒரே நுகத்தில் பூட்டிய கதை. மொத்தம் 31 வோல்ட் இருக்கிறதே, ஓடட்டும் என்று கன்ட்ரோலர் விட்டுவிடும். ஒன்று 19-ல் திமிராக நிற்கும். மற்றது 12-ல் நுரை தள்ளும். அதாவது செல்லுக்கு 2.4. பொதுவாக 2.5-க்குக் கீழே இறங்கினாலே செல்லுக்குக் கேடுகாலம்.

ஆகவே மச்சான் ஜாதகம் பார்க்கத் தொடங்கினார். ஒரே நாளில் வாங்கி, ஒரே அளவு உழைத்த இரண்டுக்குத்தான் பொருத்தம். நடுவில் ஒரு ப்யூஸ். ஒவ்வொன்றுக்கும் தனி வோல்ட் மீட்டர். "எது 15-ஐத் தொட்டாலும் அலாரம் அடிக்கும், மாப்ள." அக்கா கல்யாணத்துக்குக்கூட இவ்வளவு பார்க்கவில்லை.

அடுத்தது தூரம். 18 வோல்ட், 5 ஆம்பியர்-அவர் பேட்டரி ஒன்றில் 90 வாட்-அவர்; இரண்டில் 180. கிலோமீட்டருக்கு 12 வாட்-அவர் செலவு என்று வைத்தால் 15 கிலோமீட்டர். சிங்காநல்லூரிலிருந்து கிளம்பி, கொஞ்சம் மிதித்தும் கொடுத்து, ஊரின் மறுகோடியில் வடவள்ளிப் பக்கம் புது வீட்டு வேலைக்குப் போய்ச் சேர்ந்தார். வேர்வை இல்லாமல், பெட்ரோல் இல்லாமல், ராஜா மாதிரி இறங்கி, பேட்டரியைக் கழற்றி ட்ரில்லில் மாட்டி, சுவரில் வைத்து அழுத்தினார். ட்ரில் ஒரு சுற்றுச் சுற்றி நின்றுவிட்டது.

"என்னாச்சுங்க?" என்றார் வீட்டுக்காரர்.

"சார்ஜ் தீந்துபோச்சுங்க."

"இன்னும் ஒரு ஓட்டைகூடப் போடலியே?"

"சைக்கிள்ல வந்தனுங்க."

வீட்டுக்காரர் வெகுநேரம் சைக்கிளையும் ட்ரில்லையும் மாறி மாறிப் பார்த்தாராம். அந்த வீட்டுக்கு இன்னும் ஈபி கனெக்‌ஷன் வரவில்லை. கரண்ட் இல்லாத இடத்திலும் வேலை நடக்கட்டும் என்றுதான் மச்சான் கார்ட்லெஸ் வாங்கியதே.

கூடவே இன்னொரு ஜோடி பேட்டரி கொண்டுபோகலாமே என்றேன். "அது திரும்பி வர்றதுக்கு, மாப்ள" என்றார்.

இப்போது ஏற்பாடு நிரந்தரமாகிவிட்டது. கார்ட்லெஸ் ட்ரில் வீட்டில் ஓய்வெடுக்கிறது. அதன் பேட்டரிகளில் மச்சான் ஜம்மென்று வேலைக்குப் போகிறார். போனதும், பக்கத்து வீட்டிலிருந்து ஒயர் இழுத்து, வாடகைக்கு எடுத்த பழைய பிளக் ட்ரில்லால் துளை போடுகிறார். வாடகையைக் கணக்கில் சேர்த்தாலும் பெட்ரோலைவிட இது லாபம்தானாம். பேட்டரி விலையை மட்டும் அந்தக் கணக்கில் சேர்க்கக் கூடாதாம்.