ஊமைப் பெடல் விசாரம்

கிதார் வாசிப்போர் காலால் மிதித்துத் தந்தியின் நாதத்தைக் கரகரப்பாக்கிக்கொள்ளும் ஃபஸ் பெடல் என்னும் சிறு பெட்டியைக் கடையில் வாங்காது வீட்டிலேயே பற்றவைத்துச் செய்பவர், கடைசித் திருகையும் முடுக்கிவிட்டு ஆவலோடு தந்தியை மீட்டுகையில், அப்பெட்டி யாதொரு சப்தமும் எழுப்பாது வீற்றிருக்கும் அவஸ்தையே இவ்வாராய்ச்சி நுதலிய பொருளாகும். ஜீவேசுவர பேதம் முதல் குற்றியலுகரப் புணர்ச்சி ஈறாக எதையும் விட்டுவைக்காத நம் பண்டிதர்கள் இவ்விஷயத்தை மட்டும் தொடாது சென்றமையால், அக்குறையை நிரப்பும் பாரம் எம்மேல் வந்து விழுந்தது.

முதற்கண் ஒரு தர்க்கச் சிக்கலைத் தீர்த்துக்கொள்ள வேண்டும். பழுது நீக்குதல் என்பது பழுதற்ற நிலை இன்னதென்று அறிந்தவர்க்கே கூடுவது. ஃபஸ் பெடலோ பழுதிலிருந்தே பிறந்தது. 1961-இல் வெளிவந்த மார்ட்டி ராபின்ஸின் 'டோன்ட் வொரி' என்னும் பாட்டை அமெரிக்காவின் நாஷ்வில் நகரில் ஒலிப்பதிவு செய்தபோது, ஒலிக்கலவைக் கருவியின் ஒரு தடத்தில் நேர்ந்த கோளாற்றினால் கிரேடி மார்ட்டின் வாசித்த ஆறு தந்தி பேஸ் கிதார் கரகரவென்று இரைய, அவ்விரைச்சலை அப்படியே பாட்டில் இருக்க விட்டுவிட்டனர். பதிவுப் பொறியாளர் கிளென் ஸ்னாடி, அக்கோளாற்றை வேண்டியபோதெல்லாம் வருவிக்கவல்ல ஒரு மின்சுற்றை ஆக்கிக் கிப்சன் நிறுவனத்தாரிடம் சேர்ப்பிக்க, 1962-இல் மேஸ்ட்ரோ எஃப்.இஸட்.-1 என்னும் பெடல் விலைக்கு வந்தது. ஆகவே, விரும்பிய பழுது வாராமல் விரும்பாத பழுது வந்துற்ற நிலையே ஊமைப் பெடலின் இலக்கணம் என வரையறுக்கின்றோம்.

ஆய்வுக்கு எடுத்துக்கொண்டது, 1966-இல் இலண்டன் ஆர்பிட்டர் நிறுவனத்தார் வெளியிட்டு, ஜிமி ஹென்ட்ரிக்ஸின் காலடி பட்டுக் கீர்த்தியுற்ற ஃபஸ் ஃபேஸின் வீட்டுப் பிரதி. டிரான்சிஸ்டர் இரண்டு, ரெசிஸ்டர் நான்கு, கெப்பாசிட்டர் மூன்று, திருகு குமிழ் இரண்டு, ஆகப் பதினோரு உறுப்புகளே உடைய இச்சுற்றில் பழுது ஒளிந்துகொள்ள இடமேது என்று பூர்வபக்ஷிகள் வினவுவர். உறுப்புகளில் அன்று, அவை ஒன்றையொன்று தொடும் இடங்களிலும், தொடாதிருக்க வேண்டிய இடங்களிலுமே அது குடியிருக்கின்றது என்பது எம் சித்தாந்தம். அதனைக் காட்சி, கருதல், உரை என்னும் மூவகை அளவைகளாலும் நிறுவுவோம்.

காட்சி அளவையாவது, கண்ணாடி அணிந்துகொண்டு பலகையின் அடிப்புறத்தை நோக்குதல். நன்கு உருகிப் படிந்த ஈயம் பளபளத்துக் கம்பியின் காலில் சரிந்து இறங்கும். சூடு போதாத ஈயமோ மங்கிப் பொருபொருவென்று உருண்டு நின்று, தொட்டதுபோல் தோற்றி, உண்மையில் தொடாதிருக்கும். டிரான்சிஸ்டரின் தட்டை முகத்தைத் தம்மை நோக்கிப் பிடித்து, கால்கள் கீழ்நோக்க இடமிருந்து வலமாக எண்ணினால், 2என்3904 என்பதற்கு எமிட்டர், பேஸ், கலெக்டர் என்றும், பிசி547 என்பதற்கு அதே வரிசை தலைகீழாகவும் வருதலால், ஒன்றுக்குப் பதில் மற்றொன்றை வைத்தவர் இவ்விடத்திலேயே தெளிவு பெறுவர்.

கருதல் அளவைக்கு, மலையிற் புகை கண்டவிடத்து நெருப்பு உண்டென்று துணிதலை முன்னோர் எடுத்துக்காட்டினர். பெட்டியிற் புகை கண்டவிடத்து, அனுமானத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாமென்று பாட்டரியை முதலிற் கழற்றுவதே விவேகம். புகையில்லாவிடில், ஆம்ப்ளிஃபயருக்குச் செல்லும் கம்பியின் நுனியில் 0.1 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் ஒன்றைக் கோத்து, உள்ளே நுழையும் இடத்திலிருந்து சுற்றின் ஒவ்வொரு கணுவாகத் தொட்டு வரவேண்டும். ஒரு கணுவில் ஒலி கேட்டு அடுத்த கணுவில் கேளாதாயின், குற்றவாளி அவ்விரண்டிற்கும் நடுவே உள்ளான். இதுகாலை ஒரே தந்தியை இடைவிடாது மீட்டிக்கொண்டிருக்க அமர்த்தப்பெறும் வீட்டாரின் பொறுமையே இவ்வளவையின் எல்லை.

உரை அளவையாவது சுற்றுப்படம். அதில் ஐயமில்லை; அதை வாசிப்பவரின் திசையிலேதான் ஐயம். பெடலுக்கு வலப்புறம் நுழைவாயில், இடப்புறம் வெளிவாயில் என்பது மரபாயினும், பெட்டியைக் கவிழ்த்து வைத்து வேலை செய்பவர்க்கு வலம் இடமாகிவிடுதலின், வாயில்கள் மாறிப்போய், மிதியாதபோது கணீரென்று ஒலித்து, மிதித்தவுடன் ஊமையாகும் விசித்திரம் நேர்கின்றது.

இனி, இத்துறையின் மிகக் கடினமான புதிர்: மூடியைத் திறந்து வைத்தால் பாடும் பெடல், மூடித் திருகியவுடன் மௌனம் சாதிப்பது. சகுனம் என்பர் ஒரு சாரார். பெட்டியின் சங்கோசம் என்பர் மற்றொரு சாரார். உண்மை யாதெனில், பிளக்கைச் செருகும்போது ஜாக்கின் வில் தகடு சற்றே வெளித்தள்ளி, அலுமினிய மூடியின் உட்புறத்தை உரசுகின்றது. பெட்டி முழுதும் தரை இணைப்பாதலின், நாதம் அனைத்தும் தரையோடு தரையாகப் போய்விடுகின்றது. பிளக்கைச் செருகாமல் சோதிப்பவர் யுகாந்தரம் தேடினும் இதைக் காணார். மூடியின் உட்புறத்தில் ஒட்டிய இன்சுலேஷன் டேப் ஒரு துண்டே பரிகாரம்.

இவ்வளவும் முடிந்து பெடல் இரையத் தொடங்கியபின் ஒரு வினா எஞ்சுகின்றது. 9 வோல்ட் பாட்டரியில் இரண்டாம் டிரான்சிஸ்டரின் கலெக்டரில் ஏறக்குறைய 4.5 வோல்ட் நிற்பது முறை என்பர்; ஆயினும், தீர்ந்துபோகும் பாட்டரியில் எழும் திக்கலையும் விக்கலையும் விரும்பி, அவ்வளவை வேண்டுமென்றே குலைத்து வைக்கும் ரசிகர்களும் உளர். ஆதலின், பிறர் பெடலைச் செப்பனிடப் புகுவோர், இது பழுதோ பாணியோ என்று உடையவரை முதலிற் கேட்டுக்கொள்ளக் கடவர், கேளாமல் 4.5-க்குத் திருத்திக் கொடுத்தவர்க்குக் கூலி கிடைத்தல் அரிது.