லெந்து முடிஞ்சும் உன் மூஞ்சிக்கு ஈஸ்டர் வரலியேலே!

ஏலே பேராண்டி, கொஞ்சம் இங்கன வந்து உக்காரு. நேத்து ஆராதனையில ஐயர் சந்தோஷத்தைப் பத்தி முக்கா மணி நேரம் பிரசங்கம் பண்ணினாரு. (மாட்டுங்கா ஐயர் இல்ல, நம்ம கோயில் ஐயர்.) நீ மூணாவது பெஞ்சில இருந்த இருப்பைப் பாத்துட்டு, எனக்குப் பக்கத்துல இருந்தவன் மெதுவா குனிஞ்சி, "யாருக்கு அடக்கம் அண்ணாச்சி?"ன்னு கேக்கான். நான் என்னத்தச் சொல்ல? "இன்னும் உயிரோடதான் இருக்கான், எம்பேரன்தான்"ன்னேன்.

உன் கஷ்டம் எனக்குத் தெரியாதுன்னு நெனைக்காத. செம்பூர்ல வேலை போயிட்டு. தாராவியை இடிச்சிப் புதுசாக் கட்டப் போறோம்னு சர்வேக்காரன் வந்து கதவுல நம்பர் எழுதிட்டுப் போயிட்டான். 2000 ஜனவரி 1க்கு முந்தியே தரைத்தளத்துல இருந்தவனுக்குத் தாராவிக்குள்ளயே 350 சதுர அடி வீடு. அதுக்குப் பின்னால வந்தவனுக்கும் மாடியில குடியிருக்கிறவனுக்கும் வெளியே எங்கயோ பாத்துக்கிடலாம்ங்கான். நீயோ இரும்பு ஏணி ஏறிப் போற மாடிக்காரன். பரலோகம் உனக்குப் பத்தடி பக்கம், சர்க்கார் வீடுதான் தூரம். சிரிச்சிட்டியா? சிரி, அதுக்கு நம்பர் எழுத மாட்டான்.

வேலை கிடைக்கட்டும், வீடு அமையட்டும், அப்புறம் சந்தோஷமா சாட்சி சொல்லுதேங்க. அடப்பாவி, ஆண்டவரை நீ சேட்டுக்கடை ஆக்கிட்டியே. ஜெபத்தை அடகு வெச்சி சந்தோஷத்தை வாங்கப் பாக்க. அவரு எடை பாக்கதுக்குள்ள ரசீது கேக்க.

உன்னை மட்டும் சொல்லி என்ன? டிசம்பர் 31 ராத்திரி ஆராதனையில வாக்குத்தத்த அட்டை எடுக்கும்போது உன் அம்மையைக் கவனிச்சிருக்கியா? எடுத்த வசனம் பாடுகளைப் பத்தி இருந்தா, கைதவறி விழுந்துட்டுன்னு சொல்லி இன்னொண்ணு எடுப்பா. மூணாவதுல 'ஆசீர்வாதம்'னு வந்தாத்தான் பெஞ்சுக்குத் திரும்புவா. கோட்டுப் போட்ட ஊழியக்காரன் எவனாவது டிவியில வந்து "இந்த வருஷம் உனக்கு இரட்டிப்பு"ன்னா போதும், அதுக்கும் ஒரு ஆமென்.

புதன்கிழமை மாஹிம் செயின்ட் மைக்கேல் கோயிலுக்குப் போய்ப் பாரு. 1948 செப்டம்பர்ல ஆரம்பிச்ச நோவெனா ஜெபம், இன்னும் கூட்டம் குறையல. இந்துக்காரன், நம்மாளு, துலுக்கமாரு எல்லாரும் வாரான். மெழுகுல செஞ்ச கையி, காலு, புள்ள, வீடு எல்லாம் வெளியே விக்கும். நாம சிஎஸ்ஐ, மெழுகெல்லாம் நமக்கு ஆகாது. ஆனா உன் ஆச்சி வருஷாவருஷம் ஒரு மெழுகு வீடு வாங்கிக்கிட்டு நைசாப் போயிட்டு வருவா. ஐயர்கிட்ட சொல்லிராத. அவ கேட்ட வீடு வந்தபாடில்ல. ஆனா போயிட்டு வரும்போது கடைசி வீட்டு மராட்டிக்காரியோட கதை பேசி, வழியில வடாபாவ் தின்னு, சிரிச்சிக்கிட்டேதான் வருவா. நானும் கவனிச்சி வெச்சிருக்கேன்.

சரி, விஷயத்துக்கு வாரேன். பவுலு பிலிப்பியருக்கு எழுதின நிருபத்தை வாசிச்சிருக்கியா? நாலே அதிகாரம். மும்பையில மின்சார ரயிலு தாதருக்குப் போறதுக்குள்ள முடிச்சிரலாம். சந்தோஷம் சந்தோஷம்னு அந்த மனுசன் அதுல எத்தனை வாட்டி எழுதுதாரு! எங்க இருந்து எழுதுதாரு? சிறைக்குள்ள இருந்து. வெளிய விடுவானா, தலைய வெட்டுவானான்னு அவருக்கே தெரியாது. அந்தக் காலத்து ஜெயில்ல சர்க்கார் கஞ்சி கெடையாதுலே. சொந்தக்காரனோ கூட்டாளியோ கொண்டு வந்தாத்தான் வயித்துக்கு. பிலிப்பி சபையார் ஏதோ பணமும் பண்டமும் எப்பாப்பிரோதீத்து கையில குடுத்து விட்டாங்க. வந்தவன் வந்த எடத்துல சாகக் கிடந்து பொழைச்சான். "உங்க ஆளு பத்திரமா இருக்கான், அனுப்பி வைக்கேன், பார்சலுக்கு நன்றி"ன்னு எழுதினதுதான் அந்த நிருபம். நன்றி சொல்ல எழுதுன கடுதாசிதான்லே!

அதுலயும் எனக்குப் பிடிச்ச எடம் ஒண்ணு உண்டு. கடைசிப் பக்கத்துல எயோதியாள், சிந்திகேயாள்னு ரெண்டு பொம்பளைங்க பேரு வரும். ரெண்டு பேரும் கோயிலுக்காக உழைச்சவங்க, ஆனா அவங்களுக்குள்ள பேச்சு வார்த்தை இல்ல. சமாதானமாப் போங்கம்மான்னு பவுலு கெஞ்சுதாரு. பைப்படியில குடம் முந்தியா, தண்ணி முந்தியான்னு நடந்த சண்டையோ என்னவோ, அதை அவரு எழுதல. உலகத்துலயே சந்தோஷத்தைப் பத்தி எழுதுன பெரிய கடுதாசி, அதுக்குள்ளயும் ஒரு சபைச் சண்டை! நம்ம திருநெல்வேலி டயோசிஸ் எலெக்சனைப் பாத்தவனுக்கு இது ஆச்சரியமா இருக்காது. அப்போ சண்டை ஓயட்டும், ஜெயிலு திறக்கட்டும், அப்புறம் சந்தோஷப்படுதேன்னு பவுலு காத்திருந்தா, இன்னைக்கு வரைக்கும் காத்திருக்கணும்.

பவுலு பெரிய ஆளு, எட்டாதுங்கியா? சரி, நம்மூருக்கு வா. களக்காட்டுக்குப் பக்கத்துல டோனாவூர். ஏமி கார்மைக்கேல் அம்மா 1901லயே அங்க வந்து தங்குனாங்க. கோயிலுக்கு நேர்ந்து விடப் பாத்த பொட்டப்புள்ளைகளைக் காப்பாத்தி வளத்தாங்க. 1931ல ஒரு நா சாயங்காலம் களக்காட்டுல ஒரு வீட்டைப் பாக்கப் போன எடத்துல, யாரோ தோண்டிப் போட்ட குழிக்குள்ள விழுந்து காலை ஒடிச்சிக்கிட்டாங்க. அதுல பிடிச்சது, 1951ல சாகுற வரைக்கும் ஏறக்குறைய இருவது வருஷம் கட்டில்தான், ரூம்புதான். என்ன செஞ்சாங்க? படுத்துக்கிட்டே பத்துக்கு மேல புத்தகம் எழுதினாங்க. அந்தக் கட்டிலைச் சுத்தித்தான் அத்தனை புள்ளைகளும். வலி போச்சான்னா, போகல. தூக்கம்கூட சரியா வராது. கல்லறைக்குக் கல்லு வேண்டாம்னு சொல்லிட்டுப் போனாங்க. புள்ளைங்க அந்த எடத்துல பறவைக்குத் தண்ணி வைக்கிற தொட்டியை வெச்சி, 'அம்மா'ன்னு மட்டும் எழுதினாங்க. நீ முதுகு பிடிச்சிக்கிட்டுன்னு மூணு நா லீவு எழுதிக் குடுத்த ஆளு, ஞாபகம் இருக்கட்டும்.

இதைச் சொன்ன உடனே இன்னொரு கூட்டம் வந்துரும். விசுவாசி அழக்கூடாது, முகம் எப்பவும் மலர்ச்சியா இருக்கணும்ங்கான். அவனை நம்பாத. சாவு வீட்டுல வந்து நின்னு பல்லைக் காட்டி "எல்லாம் நன்மைக்கே"ங்கிறவனை நான் பந்தியில கடைசி வரிசையிலதான் உக்கார வைப்பேன். லாசருவைப் புதைச்ச எடத்துல ஆண்டவரே அழுதாருலே. கொஞ்ச நேரத்துல அவனை எழுப்பப் போறோம்னு தெரிஞ்சும் அழுதாரு. அதனால உன் அழுகையில எனக்கு ஒரு குத்தமும் இல்ல. அழுதுக்கிட்டே நீ தனியாப் போயி மாடியில கதவைச் சாத்திக்கிடுத பாரு, அதுலதான் எனக்கு வழக்கு.

2020 ஈஸ்டரை மறந்துட்டியா? ஏப்ரல் 1ல தாராவியில முதல் கொரோனா கேஸு. ஏப்ரல் 12ல ஈஸ்டர். கோயிலு பூட்டு, ரயிலு பூட்டு, சயான் ஆஸ்பத்திரிக்குப் போனவனைப் பாக்கப் போக முடியாது, கக்கூஸுக்குப் போகக்கூட பயம். ஊருல இருந்தா அதிகாலையில மணி அடிச்சி எழுப்புவாங்க. இங்க மணியும் இல்ல. நம்ம சந்துல எவளோ ஒருத்தி இருட்டுலயே ஒரு கீர்த்தனையை எடுத்து விட்டா. எதிர் ரூம்புல இருந்து இன்னொருத்தி பிடிச்சா, மேல இருந்து ஒருத்தன் கட்டைக் குரல்ல சேந்துக்கிட்டான். சுருதி ஒரு பக்கம், தாளம் ஒரு பக்கம். பாக்கெட் பால்காரன் தம்பி, அவன் முஸ்லிம், முகமூடியை இறக்கிவிட்டு நின்னு கேட்டான். அந்தக் கட்டைக் குரல் யாரோடதுன்னு நெனைக்க? உன்னோடதுதான்லே. அன்னைக்கு உனக்கு வேலை நிச்சயமா இருந்துச்சா? உயிரே நிச்சயமா இல்ல.

என் கதையும் அப்படித்தான். 1971ல பாந்திரா ஆட்டுத்தொட்டியை தேவ்னாருக்கு மாத்தினப்போ, எங்க தோல் பட்டறையிலயும் பேச்சு ஆரம்பிச்சிட்டு. இருக்குமா, போயிருமான்னு. எம்மேல இருந்த வாடைக்கு பஸ்ஸுல எவனும் பக்கத்துல உக்கார மாட்டான். எனக்கு எப்பவும் சன்னல் சீட்டு. ஆனா ஞாயித்துக்கிழமை அதே சட்டையோட கோயில்ல பாட நின்னா, பட்டறைக்காரங்க அத்தனை பேரும் ஒரே வரிசை. மூக்கைப் பொத்தினவங்களும் வாயைத் திறந்துதானே பாடணும்! பட்டறை பின்னால போயிட்டு. அந்த வரிசையில இப்பவும் ரெண்டு மூணு பேரு உயிரோட இருக்கோம், இன்னும் சுருதி சேரல.

அதனால உனக்கு ஒரு வேலை பாத்து வெச்சிருக்கேன். சம்பளம் கெடையாது, சாப்பாடு உண்டு. வார மாசம் பிரதிஷ்டைப் பண்டிகை அசனம். ஆட்டுக்கறி, சோறு, ஊரு கணக்குப்படி ஒரே பந்தி. வீடு கிடைக்கிறவனும் கிடைக்காதவனும் பக்கத்துப் பக்கத்துலதான் உக்காரணும். எதிர் சந்துக்காரனும் நீயும் ஏணி விஷயத்துல பேசிக்கிடுததில்லன்னு எனக்குத் தெரியும். அவனையும் உன்னையும் ஒரே குழுவுல போடச் சொல்லி நேத்தே பேரு குடுத்துட்டேன். என்கிட்ட கேக்காம எப்படிக் குடுத்தீருங்காத, கேட்டிருந்தா நீ வந்திருப்பியா? கமிட்டிக்காரன் வெங்காயம் உரிக்கப் போடவான்னு கேட்டான். வேண்டாம்டே, அவன் வெங்காயம் இல்லாமலே அழுவான், அண்டா கழுவப் போடுன்னுட்டேன்.