அனைவரும் அமரவும்

எங்கள் பங்குக் கோயிலின் ஞாயிறு பூசைக்கு மூன்று தவணையாகச் சனம் வரும். முதல் மணிக்கே வந்து முன்னால் உட்காருகிறவர்கள் முதல் தவணை. பிரசங்கம் முடிந்திருக்கும் என்று கணக்குப் போட்டு வந்து, முடியாததைக் கண்டு முகம் வாடுகிறவர்கள் இரண்டாவது. மூன்றாவது தவணை நேரத்துக்கே வந்துவிடும்; ஆனால் உள்ளே வராது. வேப்பமரத்தடியில் பைக்கில் சாய்ந்தபடி பருத்தி விலையைத் தியானித்துக்கொண்டிருக்கும். நன்மை வாங்கி முடிந்து, "அனைவரும் அமரவும். அறிவிப்புகள்" என்று ஒலிபெருக்கி கரகரத்ததும், அந்தத் தவணையும் செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு வாசற்படி ஏறிவிடும்.

நற்செய்திக்கு அசையாதவர்களை உள்ளே இழுக்கும் அந்தக் குரல் என்னுடையது. 11 வருஷமாக வாசிக்கிறேன்.

அதற்கு முன்னால் கூட்டுறவுச் சங்கத்தில் எழுத்தர். நகை ஏலத்தன்று கடன் கட்டாதவர்களின் பட்டியலை உரக்க வாசிப்பது என் வேலைகளில் ஒன்று. அப்போது பங்கில் இருந்த சாமி ஒருநாள் அந்த வழியாகப் போனவர், நின்று கேட்டார். "இந்தக் குரலுக்கு இத்தனை பேர் பயப்படுதாங்களே, இதைக் கோயிலுக்குக் கொடுத்தா என்ன?" என்றார். கொடுத்தேன். சம்பளம் கிடையாது. திருவிழா அன்று ஒரு பொன்னாடை உண்டு. வீட்டில் இப்போது 11 இருக்கிறது; மழைக்காலத்தில் ஆட்டுக்குட்டிக்குப் போர்த்துகிறோம்.

சாதாரணப் பதவி என்று நினைத்துவிட வேண்டாம். 1542-இல் எங்கள் மாவட்டத்துக் கடற்கரைக்கு வந்த புனித சவேரியார், கையில் மணியை ஆட்டிக்கொண்டு தெருத்தெருவாகப் போய் ஆள் கூட்டியிருக்கிறார். அவருக்குத் தமிழ் தெரியாது. பெயர்த்துத் தந்த மந்திரங்களை மனப்பாடம் பண்ணிக்கொண்டு வந்து சொல்லிக்கொடுத்தார். ஆக, எங்கள் பக்கத்தின் முதல் ஒலிபெருக்கி அவர்தான். அவருக்குப் பின்னால் வந்து புன்னைக்காயலில் வாழ்ந்தவர் அண்ட்ரிக் அடிகளார். அவருடைய 'தம்பிரான் வணக்கம்' 1578-இல் கொல்லத்தில் அச்சானது. இந்திய மண்ணில் தமிழ் எழுத்தில் அச்சேறிய முதல் நூல் அது. மொத்தம் 16 பக்கம். இப்படி அச்சுக்கே சிலுவை போட்டுத் தொடங்கிவைத்த பரம்பரையில் வந்த நாங்கள், இன்றைக்கும் அறிவிப்பைத் தினசரிக் காலண்டர் தாளின் முதுகில்தான் எழுதித் தருகிறோம். ஒரு தடவை மாதாந்தர செபமாலைக் கூட்டத்தை வாசித்த வேகத்தில், தாளைத் திருப்பி அன்றைய ராகு காலத்தையும் பீடத்தருகில் நின்று வாசித்துவிட்டேன். ஒருத்தரும் கண்டுகொள்ளவில்லை. பூசை முடிந்து இரண்டு பேர் மட்டும் வந்து, நேரத்தை இன்னொரு தடவை கேட்டுக் குறித்துக்கொண்டார்கள்.

அறிவிப்பின் உச்சம் கல்யாண ஓலை. மாப்பிள்ளை பெயர், பெண் பெயர், தாய் தகப்பன், எந்தப் பங்கு என்று மூன்று ஞாயிறு வாசிக்க வேண்டும். தடை ஏதும் தெரிந்தால் சாமியிடம் வந்து சொல்லவேண்டியது விசுவாசிகளின் கடமை. ஓலை வாசிக்கும்போது கோயிலில் இருக்கும் அமைதி, எழுந்தேற்றத்தின்போதுகூட இருந்து நான் பார்த்ததில்லை. இந்த 11 வருஷத்தில் ஒருவர்கூட சாமியிடம் போய்த் தடை சொன்னதில்லை. சாமியைத் தவிர மற்ற எல்லாரிடமும் சொல்லியிருக்கிறார்கள். 1215-இல் கூடிய நான்காம் லாத்தரன் சங்கம்தான் இந்த ஓலை முறையைத் திருச்சபை முழுவதற்கும் கட்டாயமாக்கியது. அந்தச் சங்கத்துக்கு எங்கள் வடக்குத் தெருவிலிருந்து இரண்டு பெண்களை அனுப்பியிருந்தால் இன்றைக்கு மூன்று ஞாயிறு வாசிக்கத் தேவையே இருந்திருக்காது. ஒரு மத்தியானம் போதும்.

என் தொழிலில் பெரிய கஷ்டம் பெயர்கள். கடற்கரைப் பங்குகளில் போர்த்துக்கீசியர் பர்னாந்து, வாஸ், மிராண்டா என்று பின்பெயர்களை விட்டுப்போனார்கள். ஆளைப் பிரித்து அறியலாம். எங்கள் கரிசல் காட்டுக்கு அந்தக் கப்பல் வரவில்லை. இருக்கிற பெயர்கள் அந்தோணி, சூசை, சவரிமுத்து, மிக்கேல். தகப்பன் அந்தோணி என்றால் மகன் சூசை; பேரன் திரும்பவும் அந்தோணி. "சூசை மகன் அந்தோணி" என்று வாசித்தால் பதினான்கு பேர் நிமிர்ந்து உட்காருவார்கள். ஊருக்குள் இவர்களைப் பிரித்து அறியப் பட்டப்பெயர்கள் உண்டு. ஆனால் 'கருவாட்டு அந்தோணி' என்றும் 'ரெண்டு பொண்டாட்டி சூசை' என்றும் பீடத்துக்கு முன்னால் நின்று சொல்ல முடியுமா? அதிலும் பின்னவருக்கு மனைவி ஒருத்திதான். அண்ணன் தம்பிகள் இரண்டு பேர் அக்கா தங்கையைக் கட்டியதில் ஏதோ ஒரு காலத்தில் கணக்குப் பிசகிவிட்டது.

எங்கள் கோயிலும் அந்தோணியார் கோயில்தான். பதுவைப் பதியரான அந்தோணியார் காணாமல்போன பொருள்களுக்குப் பாதுகாவலர். சுற்றுவட்டாரத்திலேயே செருப்பு அதிகமாகக் காணாமல்போவதும் எங்கள் கோயிலில்தான். அவருக்கு வேலை குறையக்கூடாது என்று ஊரே பார்த்துக்கொள்கிறது போலும். ஜூன் 13 திருவிழாவில், நடுச்சாமத் தேருக்கு உப்பும் மிளகும் போட வந்த கூட்டத்தில் ஒரு சிறுவன் தவறிவிட்டான். ரேடியோ செட்காரர் பக்கத்தில் கொண்டுவந்து நிறுத்தினார்கள்.

"அப்பா பேரு என்னல?"

"அப்பா."

"ஊர்ல எப்படிக் கூப்பிடுவாவ?"

"அந்தோணி."

"சிவப்புச் சட்டை போட்ட சிறுவன், தகப்பன் பெயர் அந்தோணி, உடனே வந்து பெற்றுக்கொள்ளவும்" என்று வாசித்தேன். ஒன்பது தகப்பன்மார் வந்தார்கள். அதில் ஒருவர் தன் பிள்ளையைத் தோளில் உட்காரவைத்துக்கொண்டே தேடி வந்திருந்தார்.

திருவிழா என்றால் நன்கொடைப் பட்டியல். தொகை வாரியாக, பெரியதிலிருந்து சிறியதுக்கு வாசிக்க வேண்டும். 1000 கொடுத்தவரை வாசித்துவிட்டு 1001 கொடுத்தவரை வாசித்தால் அந்த ஒரு ரூபாய்க்காகப் பங்குப் பேரவை கூடும். 501 கொடுத்தவர்கள்தான் படிப்பைப் போடச் சொல்வார்கள்: பி.எஸ்ஸி., பி.எட். பத்தாயிரம் கொடுத்தவர் பெயரே வேண்டாம் என்பார். ஆனால் பெயர் வேண்டாம் என்று சொன்னவர் யார் என்பதை எல்லாரும் தெரிந்துகொள்ளும்படி வாசிக்கச் சொல்வார்.

அன்பியக் கூட்ட அறிவிப்பும் உண்டு. இருபது முப்பது வீடு சேர்ந்தது ஓர் அன்பியம். தென்னாப்பிரிக்காவின் லும்கோ நிலையத்தில் உருவான ஏழு படி முறைப்படி மறைநூலை வாசித்துப் பகிர்ந்துகொள்கிறோம். மூன்றாம் படியில் ஆளாளுக்கு மனசில் தைத்த சொல்லை உரக்கச் சொல்ல வேண்டும். என் மைத்துனர் எந்தப் பகுதி வாசித்தாலும் 'அப்பம்' என்பார். அந்தப் பகுதியில் அப்பமே இல்லாவிட்டாலும் அப்பம்தான். நான்காம் படி மௌனம். அந்த மௌனத்தில்தான் உள்ளே குக்கர் விசிலடிக்கும். எத்தனை விசில் என்பதை வைத்துச் சுண்டலா, கிழங்கா என்று கண்டுபிடித்துவிடுவோம். ஆறாம் படியில் நாங்கள் செய்யவேண்டிய செயலை முடிவு செய்ய வேண்டும். கெபிக்குப் பக்கத்துச் சாக்கடையை மூடச் சொல்லிப் பஞ்சாயத்துக்கு மனுக் கொடுப்பதாக ஆறு வருஷமாக முடிவு செய்துவருகிறோம். எட்டாவது படியை லும்கோ சொல்லவில்லை; அது சுண்டல். அந்தப் படிக்கு மட்டும் வேப்பமரத்தடி ஆட்களும் வந்துவிடுவார்கள்.

மரியாயின் சேனையை விட்டுவிட்டால் என் மனைவி சும்மா இருக்கமாட்டாள். 1921-இல் டப்ளின் நகரில் தொடங்கி உலகமெங்கும் பரவிய இயக்கம். ரோமாபுரிப் படையின் பெயர்களைத்தான் அதன் கிளைகளுக்கு வைத்திருக்கிறார்கள். எங்கள் பங்கில் அந்தப் படை ஏழு பெண்களாக நிற்கிறது. வாரம்தோறும் இரண்டிரண்டு பேராக நோயாளிகளைச் சந்திக்கப் போவார்கள். போகும்போது செபமாலையோடு போவார்கள். வரும்போது முழுச் செய்தியோடு வருவார்கள். ஞாயிற்றுக்கிழமை நான் வாசிக்கப்போகும் அறிவிப்பில் பாதி சனிக்கிழமை ராத்திரியே எனக்குத் தெரிந்துவிடும்.

அடுத்து வந்த சாமி இளைஞர். நேர ஒழுங்கு பார்க்கிறவர். அறிவிப்பு பிரசங்கத்தைவிட நீளமாக இருப்பதை அவரால் தாங்க முடியவில்லை. "இனிமே எல்லாம் வாட்ஸ்அப் குழுவில் வந்துரும். கோயிலில் ஜெபம் மட்டும்" என்றார். எனக்குப் பென்ஷன் கிடைத்த மாதிரி ஆயிற்று. முதல் ஞாயிறு பூசை 20 நிமிஷம் முன்னால் முடிந்தது. வேப்பமரத்தடி ஆட்கள் உள்ளே வராமலே வீட்டுக்குப் போனார்கள். குழுவில் ரோஜாப்பூக் காலை வணக்கங்களுக்கு நடுவே அறிவிப்பு எங்கே இருக்கிறது என்று தேட அந்தோணியாருக்கே நேர்ச்சை வைக்க வேண்டியிருந்தது. ஓர் அடக்க அறிவிப்புக்கு இருபது பேர் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டியிருந்தார்கள். நாலாவது வாரம் 501 ரூபாய்க்காரர்கள் சாமியைப் போய்ப் பார்த்தார்கள். மைக் என் கைக்குத் திரும்பி வந்தது. தன் பெயரைத் தானே வாசித்துக்கொள்வதில் யாருக்கும் ஆசையில்லை. அதை மற்றவன் உட்கார்ந்து கேட்க வேண்டும். அவன் கேட்பதைத் தான் ஓரக்கண்ணால் பார்க்க வேண்டும். அதற்குத்தான் 'அனைவரும் அமரவும்'.

இனி, பெரியம்மை விஷயம். பூசைக் கருத்துகளை இரண்டு தலைப்பில் வாசிப்பேன்: நன்றியும் வேண்டுதலும் ஒன்று, இறந்தவர்களின் ஆன்ம இளைப்பாற்றி இரண்டு. வடக்குத் தெருப் பெரியம்மைக்கு 80 முடிந்ததற்கு நன்றியாக அவளுடைய மகன் மும்பையிலிருந்து பூசைக்குப் பணம் அனுப்பியிருந்தான். தாளைத் திருப்பியதில் பெயர் இரண்டாவது தலைப்புக்குக் கீழே போய்விட்டது. நானும் அதற்குரிய சோகக் குரலில் வாசித்துவிட்டேன். இரண்டாவது வரிசையில் உட்கார்ந்திருந்த பெரியம்மை, தன் ஆன்மா இளைப்பாறச் சிலுவை போட்டுக்கொண்டாள்.

பூசை முடிந்ததும் ஓடிப்போய்க் காலில் விழாத குறையாக மன்னிப்புக் கேட்டேன். சாமியும் வந்து, "உயிரோட இருக்கிறவங்களுக்கும் பூசை ஒப்புக்கொடுக்கலாம் பாட்டி, குற்றமில்லை" என்று சமாதானம் சொன்னார்.

பெரியம்மை அதையெல்லாம் காதில் போடவில்லை. "ஏல, எம்மவன் எவ்வளவு அனுப்பினான்?" என்றாள். சொன்னேன்.

"நான் செத்த பொறவு வைப்பானோ மாட்டானோ. இதை எம் பேருல கணக்குல வச்சுக்கிடு."

போன வருஷம் குடலிறக்க அறுவைக்காக நான் டவுன் ஆஸ்பத்திரியில் படுத்தேன். என் இடத்தில் இளைஞர் இயக்கத்துப் பையன் ஒருவன் வாசித்தான். என் சுகத்துக்காக வைத்த பூசையை எந்தத் தலைப்பில் வாசித்தான் என்று சொல்லவேண்டியதில்லை. கோயிலில் மூச்சுச் சத்தம் இல்லையாம். வேப்பமரத்தடியில் நின்றவர்கள் தலைத்துண்டை எடுத்துவிட்டார்களாம். அப்போது பெரியம்மை எழுந்து, "நிப்பாட்டுல! அவன் சாகல. வாசிக்கத் தெரியாதவனுக்கு எதுக்கு மைக்கு?" என்று கத்தியிருக்கிறாள். ஆனால் அவளுக்குக் காது மந்தம் என்பதால் பாதிப்பேர் அவளை நம்பவில்லை. பேரவைத் தலைவர் வேன் பிடித்துவிட்டார்.

மத்தியானம் வார்டு வாசலில் பதினெட்டுப் பேர் நின்றார்கள். நான் கட்டிலில் உட்கார்ந்து இட்லி தின்றுகொண்டிருந்ததைப் பார்த்ததும் சந்தோஷப்பட்டார்கள் என்றுதான் சொல்ல வேண்டும். இரண்டொருவர் முகத்தில் வேன் வாடகை தெரிந்தது. பேரவைத் தலைவர் ஹார்லிக்ஸ் பாட்டிலை மேசையில் வைத்தார். அவர் சட்டையின் தோளில் இரண்டு சம்பங்கி இதழ் ஒட்டியிருந்தது. மாலையை வேனிலேயே விட்டுவிட்டு வந்திருக்கிறார்கள். எதற்கும் இருக்கட்டும் என்று இரண்டையும் வாங்கியிருக்கிறார்.

எல்லாரும் டீ குடிக்கப் போனதும் பெரியம்மை மட்டும் ஸ்டூலை இழுத்துப் போட்டுக் கட்டிலருகே உட்கார்ந்தாள். என் கையைத் தடவிக்கொடுத்தபடி குனிந்து, வார்டு முழுவதுக்கும் கேட்கும் ரகசியக் குரலில் சொன்னாள்:

"பயப்படாதல. உனக்கும் ஒண்ணு முன்கூட்டியே கட்டியாச்சு. நாம ரெண்டு பேரும் பாக்கி இல்லாம போவோம்."